இரண்டு மூட்டை பனியன் வேஸ்ட்

12.2.2006, ஞாயிறு

ஆட்டுக்குட்டியைக் கொன்றது எங்கள் நாய் மணிதான் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. விடிவதற்குள் அதன் வாய் ரத்தத்தைக் கழுவிவிட்டேன். ருசி கண்ட நாயை அப்பா உயிரோடு விடமாட்டார்.

"ஓநாயி வேலைதானுங்ப்பா. இத்தன வருசங்கழிச்சு நம்ம காட்டுக்கு விருந்தாளி வந்திருக்குதுங்க" என்று அண்ணன் சிரித்தான்.

"அப்ப விருந்து வெச்சரலாம். நீ ஏதாச்சும் பாத்தியா கண்ணு?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"இல்லீங்ப்பா."

மேய்ச்சல் காட்டுப் பாறையிடுக்கில் ஓநாய் குட்டி போட்டிருப்பதைப் போன வாரம் பூரிப்போடு அண்ணனுக்குக் காட்டியவளும் நான்தான்.

மத்தியானம் அவன் தான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து, வெட்டிக் கழித்த துணியாக இரண்டு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்தான். அவனும் அப்பாவும் அதைப் பாறையிடுக்கில் திணித்துத் தீ வைத்தார்கள். உள்ளே நான்கு குட்டிகள் இருந்தன.

சாயங்காலம் மணிக்குச் சோறு வைத்தேன். முழுவதும் தின்றுவிட்டு என் கையை நக்கியது.