விரிச்சு வச்ச சேலை

ஏட்டி மக்கா,

காலையில திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துல இருந்து மழை வாசம் வந்துது. அலமாரியைத் திறந்து உன் இரும்பு ஸ்கேலை எடுத்தேன். கரிசக்காட்டு வெடிப்புக்குள்ள விட்டு நீ ஆழம் அளந்த ஸ்கேல். நுனியில மண்ணு இன்னும் ஒட்டியிருக்கு. நான் துடைக்கல.

அந்த வெடிப்பைப் பத்தித்தான் நீ கட்டுரை எழுதின. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு உன் பேரு மட்டுந்தான் அடையாளம் தெரியும். அது வெளிவந்த மாசமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிட்டு.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி என் போன்ல அதைத் திறந்து காட்டின. "இந்த நம்பர் எத்தனை தடவை டவுன்லோடு பண்ணியிருக்காங்கன்னு. பக்கத்துல இருக்கதுதாம்மா முக்கியம். வேற ஆராய்ச்சிக்காரங்க அவங்க கட்டுரையில என் கட்டுரையைச் சொல்லி எழுதினா அது ஏறும்." அங்கன சைபர் இருந்துது.

"அப்போ டவுன்லோடு பண்ணுதவங்க?"

"நீ வேலை பாக்குற கடையில சேலையை விரிச்சுப் பாத்துட்டுப் போறாங்கள்ல, அவங்க மாதிரி."

"விரிச்சுப் பாக்காம எவட்டி வாங்குவா? இன்னைக்குப் பாத்துட்டுப் போனவ ஆடித்தவசுத் திருவிழாவுக்கு வந்து எடுப்பா."

"எல்லாரும் வரமாட்டாங்கம்மா"ன்னு சிரிச்ச. "ஆனா வாரவங்க, பாத்துட்டுப் போனவங்கதான்."

நீ போன பொறவு, கடைக்குக் கிளம்புமுன்னே தினமும் அந்த டவுன்லோடு பொத்தானை அமுக்குவேன். போணி ஆகாத நாள்ல முதலாளி தானே ஒரு துண்டை எடுத்துட்டுக் கல்லாவுல காசு போடுவாரு, அது மாதிரி. நம்பர் ஏறுச்சு. பக்கத்துல இருந்தது ஏறல.

போன வாரம், உன்கூடச் சேர்ந்து எழுதின தோழி போன் பண்ணினா. "அம்மா, நம்ம கட்டுரையை யாரோ தினமும் எடுக்காங்க"ன்னு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்படியாம்மா"ன்னேன். அத்தனை பேரும் நான் ஒருத்திதான்.

அன்னைக்கோட நிறுத்திட்டேன். நம்பரும் நின்னுட்டு. உனக்குன்னு செய்ய இருந்த ஒரு வேலையும் போச்சு.

இன்னைக்கு ஸ்கேலைக் கையில வச்சுக்கிட்டே போனைத் திறந்தேன். ஒண்ணு கூடியிருக்கு. நான் அமுக்கல. தோழிகிட்டக் கேட்டேன், அவளும் இல்லையாம். எந்த ஊரோ, யாரோ. அங்கனயும் மண்ணு வெடிச்சுக் கிடக்கு போல.

கடையில எனக்கு ஒரு பழக்கம். பார்த்துட்டு எடுக்காமப் போனவ தெருமுக்கு தாண்டுற வரைக்கும் சேலையை மடிக்க மாட்டேன். அவ திரும்பிப் பார்த்தா அது விரிச்சபடி இருக்கணும்.

பக்கத்துல இன்னும் சைபர்தான். நான் மடிக்கல, மக்கா.