ஜெனி பாறைக்கு மூன்று நட்சத்திரம்

என் பிரியத்துக்குரிய பிசாசே, ஜெனி,

இல்லை, கேமராவைத் தொடவில்லை. பையிலேயேதான் இருந்தது. உன் சட்டம் எனக்கு மறக்கவில்லை. ஓர் இடத்துக்கு யார் முதல்முறை வந்தாலும் அன்றைக்குப் படம் கிடையாது. பார்க்க வேண்டும், இறங்க வேண்டும், அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு இது முதல்முறை. அதனால் படம் இல்லை.

ஆமாம், உன் அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நம் மலைக்கு. போன ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசையை விட்டுவிட்டு வந்தார். அதற்காகத் திட்டாதே. திட்டுவதற்கு வேறு காரணம் வைத்திருக்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த இரண்டு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், உன் இடத்தைக் கெடுத்தது.

எங்கிருந்து தொடங்குவது? உன் முதல் வருட நினைவுப் பூசையிலிருந்து. சதுரங்கப்பட்டினத்தில் உங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். உன் அம்மா உன் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாறை. பனை. மழைக்கு முந்தின வானம். பாலாறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு. மறுபடியும் பாறை.

"இம்மாம் படம் எட்துகீறா. எதுலயாச்சும் அவ பேரு கீதா, வினோ?"

இல்லை. ஒன்றில்கூட இல்லை. எல்லோரும் படத்தின் ஓரத்தில் சாய்ந்த எழுத்தில் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். நீ போட்டதில்லை. எந்த இடம் என்று யாராவது கேட்டால், "செங்கல்பட்டுப் பக்கம்" என்பாய். செங்கல்பட்டுப் பக்கம் என்றால் எது, ஜெனி? ஏரியும் அதுதான், ரயில்வே கேட்டும் அதுதான், பாதித் தமிழ்நாடும் அதுதான். கேட்டவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள். நீ சிரிப்பாய்.

உன் அம்மா சிரிக்கவில்லை. "எங்கியாவது அவ பேரு இருந்தா நல்லா இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் நாவலூர் ஆபீஸில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு அதைச் செய்தேன். போனில் வரைபடத்தைத் திறந்தேன். நம் மலையின் உச்சியைப் பெரிதாக்கினேன். 'விடுபட்ட இடத்தைச் சேர்' என்று இருந்தது. சேர்த்தேன். பெயர்: ஜெனி பாறை. வகை: இயற்கைக் காட்சி. படம்: உன் சுனைப் படம்.

எந்தப் படம் என்று தெரியும் உனக்கு. ஐப்பசி மழை விட்ட காலை. பாறைக்குழியில் நிறைந்த தண்ணீர், அதில் விரல் நீளத்துக்கு நிற்கும் கொட்டிப்பூ, தண்ணீரில் தலைகீழாக மேகம், அதற்கும் மேலே தொலைவில் ஒரு கோடாகக் கடல். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். "லைட்டு நாளைக்கி இருக்காது, காய்ச்சல் நாளைக்கும் இருக்கும்" என்றாய். நான் என்ன செய்தேன்? மாத்திரையைக் கொடுத்து, உன் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். டெங்கு என்று தெரிந்தபோது நீ ஐசியூவில் இருந்தாய்.

லைட்டு நாளைக்கு இருக்காதாம்.

சரி. அதை விடு. விட முடியவில்லை, ஆனாலும் விடு.

இரண்டே நாளில் பதில் வந்தது. நான் சேர்த்த இடம் ஏற்கப்பட்டது, நன்றி என்று. ஓடிப்போய் உன் அம்மாவிடம் காட்டினேன். அவர் போனில் போட்டுக்கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எம்பொண்ணு பேருல ஒரு மலயே கீதா?"

"மலை இல்லம்மா. பாறை."

"பாறைன்னா இன்னா, மல போட்ட குட்டிதானே."

அதன் பிறகு ஊருக்கே காட்டினார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அவர் சமையல் செய்யும் கேன்டீனில், ஷேர் ஆட்டோவில், கோயில் வாசலில். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் போனைத் திறந்து உன் பெயரைப் பெரிதாக்கிப் பார்ப்பாராம். நெருங்க நெருங்க எழுத்து பெரிதாவதில்லை, பாறைதான் பெரிதாகிறது என்று என்னிடம் புகார் வேறு.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லது செய்துவிட்டதாக.

பைக்குகள் வர ஆரம்பித்தன. முதலில் நான்கு, பிறகு எண்ண முடியாமல். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு, மீன் வறுவலும் முடித்துவிட்டு, பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று போனைக் கேட்கிறார்கள். போன் உன் பெயரைச் சொல்கிறது. நீயும் நானும் கடற்கரைக் கோயிலுக்கு விடியலில் போன அன்று நினைவிருக்கிறதா? வரிசையாக நாற்பது முதுகுகள், நாற்பது கேமராக்கள். நீ ட்ரைபாடை எதிர்ப்பக்கம் திருப்பி நண்டு வளையை எடுத்தாய். "அத எடுக்க ஆளு கீது, இத எடுக்க யாரு கீறா" என்றாய். அந்த நாற்பது பேரையும் நான்தான் உன் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டிருக்கிறேன்.

விமர்சனங்களைப் படித்தேன். எல்லாவற்றையும். உனக்கும் சிலவற்றைச் சொல்கிறேன், சும்மா இரு.

'வியூ சூப்பர். பார்க்கிங் இல்லை.'

'குடும்பத்தோடு போக ஏற்றதல்ல. கழிப்பறை இல்லை.'

'போட்டோவில் இருப்பது போல் இல்லை. எடிட் செய்து ஏமாற்றுகிறார்கள். மூன்று நட்சத்திரம்.'

எடிட். உடம்பு தூக்கித் தூக்கிப் போட, உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து எடுத்த படம். அவனுக்கு நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். அவன் சித்திரையில் போயிருக்கிறான், ஜெனி. சுனையில் தண்ணீர் எப்படி இருக்கும்?

இடத்தை நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். நானேதான் சேர்த்தேன், நானே சொல்கிறேன், எடுத்துவிடுங்கள் என்று. பதில் வந்தது: உங்கள் மாற்றம் ஏற்கப்படவில்லை. நிறையப் பேர் போய் வந்திருக்கிறார்களாம். ஆகவே அந்த இடம் இருக்கிறதாம். நான் ஒன்றைப் புதிதாக உண்டாக்கியபோது இரண்டே நாளில் நம்பினார்கள். வேண்டாம் என்றால் நம்ப மறுக்கிறார்கள். மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் அதே வரி.

இதில் எதையும் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் பெயரை எடுக்கப் பார்க்கிறேன் என்றா? அவருக்கென்று இருப்பது அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்றுதான். அவரோ, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், "என்னிக்கி என்ன இட்டுகினு போவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டிவலி, வெயில், மழை என்று சாக்குச் சொன்னேன். சாக்குகள் தீர்ந்துபோயின.

போன ஞாயிறு போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, வேலிக்காத்தான் நடுவே நடந்து, அடிவாரத்துக்கு வந்தபோது ஏழு மணி. உன் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கேன்டீன்ல எட்டு மணி நேரம் நிக்கறேன், இது இன்னா" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறினார். பாதி வழியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அங்கேதான் ஆட்டுக்கார முனுசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். நமக்கு முதன்முதலில் மேலே போகும் வழியைக் காட்டியவர். மடியில் ஓர் ஆட்டை வைத்துக்கொண்டு அதன் குளம்பில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா வா. நீயும் பாட்டிலு எட்தாந்துகீறியா?"

"இல்லண்ணா."

"மூணாவது ஆடு நொண்டிக்கினு கீது. எங்க பாத்தாலும் கண்ணாடி. சும்மா கெடந்த கல்ல, யாரோ ஜெனியாம், அவ பேரு வெச்சி பேஜாரு பண்ணிட்டானுங்க. இன்னா பெரிய ராணியா அவ? அந்த ஜெனி மட்டும் என் கையில கெடச்சா…"

நான் தரையைப் பார்த்தேன். உன் அம்மா மூச்சு வாங்காமல் சொன்னார்.

"நான்தாண்ணா அவ அம்மா."

அவர் ஆட்டைப் பார்த்தார். உன் அம்மாவைப் பார்த்தார். என் கையில் இருந்த கேமரா பையைப் பார்த்தார். புரிய நேரம் பிடித்தது.

"அந்தக் கேமரா பொண்ணா? உங்கூட வருமே, குட்டையா, அதுவா?"

"அவதாண்ணா."

"அதும் பேரு ஜெனியா?" குரல் இறங்கிவிட்டது. "வந்தா ஆளுக்கு பாதின்னு எனக்கும் நாஸ்தா குடுக்கும். ஏன் வர்றதில்லன்னு நெனச்சிகினே இருந்தேன். கல்யாணம் ஆயிருக்கும்னு நெனச்சேன்."

அவருக்கு உன் பெயரே தெரியாது, ஜெனி. மூன்று வருடம் உன்னோடு இட்லியைப் பங்கு போட்டவர். உன் பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் மேலே பாட்டில் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே போனோம். சொல்லட்டுமா? சுனையில் ஷாம்பூ பாக்கெட்டுகள் மிதந்தன. கொட்டிப்பூ இல்லை. ஒரு தவளை இருந்தது, ஒன்றே ஒன்று. சுனைக்கு மேல் நிற்கும் பாறையில், ஆள் உயரத்துக்கு, வெள்ளைப் பெயிண்டில் உன் பெயர். கீழே ஓர் அம்புக்குறி. நீ மேகத்துக்காகக் காத்துக்கொண்டு முதுகு சாய்த்து உட்காருவாயே, அதே பாறை.

உன் அம்மா அதன் முன்னால் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். கையைக்கூட நீட்டி வைத்திருந்தேன்.

"இன்னாடி இது, எலெக்சன்ல நிக்கிறாளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான்தான் சேர்த்தேன், எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை என்று. அவர் கேட்டுக்கொண்டே குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். முந்தானையில் போட்டுக்கொண்டார். கிழியும் என்றேன். காதில் வாங்கவில்லை.

முந்தானை நிறைந்ததும், "எட்துடு" என்றார்.

"எடுத்தா பேரும் போயிடும்மா."

"கல்லறைல போட்டுகீதே பேரு. அங்க எவனும் பாட்டிலு ஒடைக்கல."

அவருடைய போனை வாங்கினேன். இடத்தை நீக்கக் காரணம் கேட்டது. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். நிரந்தரமாக மூடப்பட்டது. இரண்டு முறை பதிவாகியுள்ளது. தவறான தகவல். பொதுமக்களுக்கானது அல்ல.

"அத்தப் போடு. கடசீல சொன்னியே. அவ என்னிக்கி எல்லாருக்கும் பதில் சொல்லிகினு இருந்தா?"

விரலை அவரே வைத்தார். நன்றி, பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. அதற்குப் பிறகு போனை அணைக்காமல் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் கடலைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். கல்பாக்கத்துக் கூரைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு கோடு.

"இத்தப் பாக்கத்தான் வந்துகினு இருந்தாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். சரியாகச் சொன்னேனா? இதைப் பார்க்கத்தான் வந்தாயா? இத்தனை வருடம் கூடவே ஏறியும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

இறங்கும் வழியில் விஷயத்தைச் சொன்னதும் முனுசாமி அண்ணனும் தன் போனைக் கொடுத்தார். பட்டன் போன். அதில் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். "அப்ப நா வாயால சொல்றேன், வர்றவன்கிட்ட, வழி மூடிட்டாங்கன்னு" என்றார்.

இன்றுவரை புள்ளி அங்கேயேதான் இருக்கிறது. பரிசீலிக்கிறார்களாம். எதைப் பரிசீலிக்கிறார்கள் என்று யாரிடம் கேட்பது? இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவது அதனால்தான். படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பெயரைச் சேமித்து வைத்திருந்தால், தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அங்கே பார்க்கிங் இல்லை. கழிப்பறை இல்லை. போட்டோவில் இருப்பது போலவும் இப்போது இல்லை.

உன் சுனைப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன், ஜெனி. பிரிண்ட் ஒன்று மட்டும் உன் அம்மாவின் சமையலறையில், உப்பு ஜாடிக்கு மேலே. உனக்கு ஒரு வாக்கு: அந்தப் புள்ளி போகிற வரைக்கும் வாரம் ஒரு முறை விண்ணப்பிப்பேன். மேலே போகிறபோது கண்ணாடி பொறுக்க ஒரு சாக்குப்பை எடுத்துப் போவேன். கொட்டிப்பூ மறுபடி வருகிற வரைக்கும் கேமராவை வெளியே எடுக்க மாட்டேன். வந்த பிறகும், யார் கேட்டாலும், செங்கல்பட்டுப் பக்கம் என்பேன்.

உன் கூடப் பிறக்காமல், கூடவே ஏறிய அக்கா,
வினோ

இதை எழுதி முடித்ததும் பெயிண்ட் கடைக்குப் போனேன். பாறையில் இருக்கும் பெயிண்டைக் கரைக்கத் தின்னர் வேண்டாம், சுனையில் இறங்கிவிடும் என்று முனுசாமி அண்ணன் சொல்லியிருந்தார். கம்பி பிரஷ் இரண்டு வாங்கினேன். ஒன்று உன் அம்மாவுக்கு.