என் 1080-உம் அவருடைய 4060-உம்

4 அக்டோபர் 2024, குமாரபாளையம்

லேப்டாப் வந்தாச்சு. பெட்டியைப் பிரிக்கும்போது கதிர்வேலுக்கு இருந்த பரபரப்பு எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை. "4060 கிராபிக்ஸ் கார்டு புள்ள. உன்ற பழைய 1080 டிஐ எல்லாம் இதுகிட்ட நிக்க முடியுமா?" நம்பர் பெரிசாக இருந்தால் போதும் இவருக்கு. டெஸ்க்டாப்பில் மாட்டுகிற 4060 வேறு, லேப்டாப்புக்குள் அடக்கின 4060 வேறு என்று யார் சொல்வது? என் கார்டு செங்கல் கனம், பதினோரு ஜிபி. அது எட்டு. தோசைக்கல் தடிமன்கூட இல்லை. பீற்றலைப் பாரு.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "இனி எடிட்டிங்கையும் மண்டபத்துலயே நானே முடிச்சுக்கறேன். உன்ற பழைய கம்ப்யூட்டரை வித்துப்போடலாம், புதுச்சத்திரத்துல ஒருத்தர் கேக்கறாரு. நீ ஊட்டுல நிம்மதியா இரு."

நிம்மதியாம்! ஏழு வருஷமாக இந்த ஸ்டுடியோ எடுத்த கல்யாணம் அத்தனையையும் வெட்டி ஒட்டி, பார்க்கிற மாதிரி ஆக்கியது யாராம்? கம்ப்யூட்டர் போனால் என் நாற்காலியும் போச்சு. அப்புறம் நான் என்ன, சோறாக்கிக்கொண்டு உட்காரவா?

7 அக்டோபர்

இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாமா என்றேன். பூஜை போடாமல் புதுசைத் தொடக்கூடாதாம். பயம்!

11 அக்டோபர்

ஆயுத பூஜை. கேமரா, டிரைபாட், பைக், மிக்சி – அத்தை ஒன்றையும் விடவில்லை. என் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு பொட்டு. லேப்டாப் மூடியில் வைக்கப் போனவரை இவர் தடுத்தார். "மேல வேண்டாங்கம்மா, கறை புடிச்சுக்கும். பின்னால வைங்க." அத்தையும் மூன்று விரலால் அள்ளி, பின்பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சந்தனப் பட்டை இழுத்துவிட்டார். புது மாப்பிள்ளை தோற்றான். நான் அதைத் தொடக்கூட இல்லை.

8 நவம்பர்

பவானியில் கல்யாணம். காலை முகூர்த்தத்தை மாலை வரவேற்பில் திரையில் ஓட்டுவதாக இவர் வாக்கு கொடுத்திருந்தார். மத்தியானம் போன். "என்னன்னே தெரியல புள்ள, அடுப்பாட்டம் கொதிக்குது, நகரவே மாட்டேங்குது." பாலத்தைத் தாண்டி பைக்கில், வேர்த்து விறுவிறுத்து, மெமரி கார்டோடு வந்து நின்றார். என் பழசில் போட்டு, வெட்டி, பாட்டு ஏற்றி நேரத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

"எங்கீங்க உங்க 4060?" என்று கேட்டுத்தான் அனுப்பினேன். அப்பா, என்ன ஒரு ருசி!

10 நவம்பர்

லேப்டாப்பைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அலமாரிமேல் கிடக்கிறது. கிடக்கட்டும்.

19 நவம்பர்

அலமாரி துடைக்கும்போது முதல் தடவையாக அதைக் கையில் எடுத்தேன். பின்பக்கம் பார்த்தால் – அட கடவுளே. சூட்டுக்காற்று வெளியே போகிற ஓட்டை அத்தனையிலும் அந்தச் சந்தனம், சிமெண்ட் மாதிரி காய்ந்து. மூச்சு முட்டித்தான் நின்றிருக்கிறது பாவம். இவர் பார்த்த லட்சணம்! ஊசியால் சுரண்டினேன், பிரஷ்ஷால் தட்டினேன். பவானி கல்யாணத்தையே இரண்டிலும் போட்டேன்.

அது ஜெயித்துவிட்டது. நல்லாவே. என் பழசு ஃபேன் கத்தக் கத்த ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

சொன்னால் கம்ப்யூட்டர் புதுச்சத்திரத்துக்கு, நான் அடுப்படிக்கு. சொல்லாவிட்டால் நல்ல மெஷின் ஒன்று தூசி தின்னும். என்ன பண்ணப்போறே?

20 நவம்பர்

சொல்லவில்லை.

29 நவம்பர்

திருச்செங்கோட்டில் கல்யாணம். "நானும் வாரேனுங்க, லேப்டாப்பை எடுத்துக்கிட்டு." "அந்தத் தண்டத்தையா?" என்று சிரித்தார். மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். தாலி கட்டியது, பந்தி முடிவதற்குள் திரையில் ஓடியது. பெண்ணின் அம்மா கண்ணீரோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

திரும்பும்போது இவர் சொல்கிறார், "உன்ற கைராசி புள்ள. எனக்குத்தான் ஓட மாட்டேங்குது."

"ஆமாங்க" என்றேன்.

1 அக்டோபர் 2025

மறுபடி ஆயுத பூஜை. வருஷம் பூராவும் மண்டபத்தில் எடிட்டிங் நான்தான். பழசை விற்கவில்லை, ஆல்பம் வேலையை வைத்துக்கொண்டு இவர்தான் அதில் தடவிக்கொண்டிருக்கிறார்.

அத்தை சந்தனக் கிண்ணத்தோடு லேப்டாப் பக்கம் வந்தார். "குடுங்க அத்தை, நான் வெக்கறேன்." பிடுங்காத குறையாக வாங்கி, மூடியின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.

"ஏம்புள்ள, கறை புடிச்சுக்காதா?" என்றார் இவர்.

"புடிச்சாப் புடிக்கட்டும். என்ற லேப்டாப்தானுங்களே."