மாப்பிள்ளை முட்டியும் செல்வியின் கையும்

மார்கழி 20, ஞாயிறு

கடும் பனி. எதிர்வீட்டு வேப்பமரம் தெரியவில்லை, அதில் உட்கார்ந்து கத்தும் காக்கை மட்டும் கேட்கிறது. சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை வந்துவிடக் கூடாது என்று அப்பா வானத்தை முறைத்துக்கொண்டே டீ குடிக்கிறார்.

இன்றைய வேலைகள்: துணி துவைக்க. மாடிப்படி ஏறி இறங்க. ஒற்றைக்காலில் நிற்க. முட்டிக்கு ஐஸ் வைக்க. அம்மாவிடம் சொல்ல.

கடைசி வேலை மட்டும் பாக்கி.

நேற்று தஞ்சாவூரில் பிசியோ மேடம் முட்டியை மடக்கி, நீட்டி, குதிக்க வைத்து, ஓட வைத்துப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முட்டி ரெடிங்க. இனிமே கபடி ஆடலாம். நீங்க ரெடியான்னு நீங்கதான் சொல்லணும்." என்ன கேள்வி இது? போன பொங்கல் போட்டியில் ஜவ்வு கிழிந்த நாளிலிருந்து வேறு எதற்காக உயிரோடு இருக்கிறேனாம்?

இடது முட்டிக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அவரைக் கேட்டுத்தான். சம்மணம் போட மாட்டார். குளிர் ஆகாது. பேருந்தில் காலை நீட்ட இடம் வேண்டும். முகம் சுளித்தால் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த மரியாதை இதெல்லாம்.

மார்கழி 22, செவ்வாய்

பனி குறைவு. பேருந்தில் பின்சீட்டில் இரண்டு பெண்கள்.

"இதுதான் கபடி ஆடி கால ஒடிச்சுக்கிட்ட பொண்ணு."

"அடப்பாவமே. கல்யாணம் ஆயிருச்சா?"

"அதான் சொல்றேன்ல, கால ஒடிச்சுக்கிட்டான்னு."

திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு மன்னார்குடி வரை ஒரே அமைதி. சுகமான பயணம்.

ஜவுளிக்கடையில் பொங்கல் கூட்டம். பில் போடும் நாற்காலியில் நாள் முழுக்க. காலை நீட்டி வைத்ததில் யாரோ தடுக்கி விழப் பார்த்தார், எனக்குத்தான் திட்டு.

மேடம் கொடுத்த பயிற்சிகளில் ஒன்றே ஒன்றுதான் இன்னும் சரியாக வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடியை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் பார்க்க வேண்டும். தினமும். பல் துலக்கும்போதே பார்த்துவிடுகிறேன், நேரம் மிச்சம். எல்லாம் வருகிறது: களத்துமேடு, கோடு, மூச்சு விடாமல் கபடி பாடிக்கொண்டு வரும் பெண், அவளுடைய கணுக்கால். ஆனால் என் வலது கை காலியாக இருக்கிறது. அதில் இருக்க வேண்டிய கை வரவில்லை. அதோடு படம் நின்றுவிடுகிறது. வாய் கொப்பளிக்க வேண்டியதுதான்.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அந்தக் களத்துப் பக்கம் போனா, நான் சோறு தண்ணி ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்."

அப்பா சொன்னார்: "ரசத்த ஊத்து. தட்டுல ஒண்ணும் இல்ல பாரு." சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்கழி 25, வெள்ளி

வெயில் நல்ல வெயில். மாலையில் களத்துமேட்டில் பயிற்சி. நெல் வந்து குவிவதற்குள் போட்டியை முடித்துவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு. களிமண்ணில் கால் ஒட்டாமல் இருக்க மணலும் மரத்தூளும் போட்டிருக்கிறார்கள். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண் கலங்கியதற்கு மரத்தூள் காரணம்.

கபடி சொல்லித்தரும் மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. "லெஃப்ட் கார்னர், போ ஒன் எடத்துக்கு" என்றார், நேற்றுத்தான் ஆடிவிட்டுப் போனவளிடம் சொல்வது போல. அவருக்குக் கோயில் கட்டலாம்.

இடது ஓரம் என் இடம். வலது பக்கத்தில் எப்போதும் தமிழ்ச்செல்வி. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான், அவள் கை என் கையில். எதிரணிப் பெண் பாடி வரும்போது வாயைத் திறக்க முடியாது, கைதான் பேச்சு. ஓர் அழுத்து என்றால் பொறு. இரண்டு என்றால் போ. பக்கத்திலிருந்து பார்க்கும் அவளுக்குத்தான் எதிராளியின் கால் சரியாகத் தெரியும். அதனால் அழுத்துவது அவள், பாய்வது நான்.

போன தையில் அவள் இரண்டு அழுத்து அழுத்தினாள். பாய்ந்தேன். கணுக்கால் கைக்கு வந்தது. அவளும் பின்னாலேயே விழுந்தாள், முழு உடம்போடு என் முட்டி மேல். அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தாள். வீட்டுக்கு வரவே இல்லை. ஒரே ஊர், மேலத்தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு வர ஒரு வருஷமா? நொண்டியாகிவிட்டவளிடம் இனி என்ன வேலை என்று நினைத்திருப்பாள்.

இன்று கை கொடுத்தாள். செத்த கை. ஓர் அழுத்துகூட இல்லை. எதிரே வந்தவள் சாவகாசமாகத் தொட்டுவிட்டுப் போனாள், திரும்பவும் வந்து தொட்டாள்.

இனி இதில் அவள் பெயர் செ. மட்டும்தான். முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.

மார்கழி 27, ஞாயிறு

மேகம். அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. எனக்கும் இல்லை.

உண்மையை இங்காவது எழுதுகிறேன். இன்று செ. லீவு. வேறொரு பெண் நின்றாள், ஒழுங்காக இரண்டு அழுத்து அழுத்தினாள். நான் போகவில்லை. கால் நகரவே இல்லை. மாப்பிள்ளை மேல் பழி போட முடியாது, அவர் தயார். நான்தான் போகவில்லை. எனக்குப் பயம். பயம், பயம், பயம். எழுதிப் பார்த்தால் சின்ன வார்த்தையாகத்தான் இருக்கிறது.

பம்ப்செட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். மோட்டார் ஓடியதால் நல்லதாகப் போயிற்று.

மாஸ்டர்: "அடுத்த வருசம்கூட ஆடலாம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அடுத்த வருஷம் என்றால் இதே பயத்தோடு இன்னொரு வருஷம் குடித்தனம். முடியாது. இந்தத் தையில் போகாவிட்டால் நான் எப்போதும் போகப்போவதில்லை. அது எனக்கே தெரிகிறது.

வாங்க வேண்டியது: மஞ்சள் கொத்து, முட்டி உறை புதிது, அம்மாவுக்கு வளையல் (லஞ்சம்).

மார்கழி 30, புதன். போகி

ஊரெல்லாம் புகை. மேலத்தெருவுக்குப் போய்விட்டேன். செ. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரை சுண்ணாம்பு. நான் நின்றதைப் பார்த்தும் திரும்பவில்லை.

"ஏண்டி, நீ கையக் குடுக்குறியா, வாழத்தண்டக் குடுக்குறியா? ஒரு அமுக்கு வரல."

சுண்ணாம்பு மட்டை சுவரில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"எங் காலு மேல நம்பிக்க இல்லன்னா மாஸ்டர்கிட்ட சொல்லிரு. நான் வெளிய உக்காந்துக்குறேன்."

அப்போதுதான் திரும்பினாள். "ஒங் காலுக்கு என்னடி, அது நல்லாத்தான் இருக்கு. எங் கை மேலதான் நம்பிக்க இல்ல. நான் அமுக்குனதாலதான நீ போன? நான் விழுந்ததாலதான ஒடஞ்சுச்சு? ஆஸ்பத்திரில அந்த முட்டியப் பாத்துட்டு வந்தேன். அதுலேருந்து இந்தக் கை எதுக்கும் ஆகல."

"அதுக்காக வீட்டுப் பக்கமே வராம இருப்பியா?"

"வந்தா அதப் பாக்கணுமே."

சண்டை போட எவ்வளவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் வீண். ஒரு வருஷமாக ஊரில் அடிபட்டவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காவது மாத்திரை, ஐஸ், ஹார்லிக்ஸ், பிசியோ மேடம். அவளுக்கு யார்? அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே சமயத்தில்.

ஏற்பாடு: போட்டியில் நான் அழுத்துவேன், நானே போவேன். அவள் கையைக் கொடுத்தால் போதும். தலையாட்டினாள். என் முட்டி உறைமேல் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. புதுசு!

தை 1, வியாழன்

பொங்கல். மழை இல்லை. அப்பா முகத்தில் வெளிச்சம். மாப்பிள்ளைக்குத் தலைப்பொங்கல், அதனால் அவருக்கு முறைப்படி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். சர்க்கரைப் பொங்கல் எனக்கு.

வளையலை அம்மா போட்டுக்கொண்டாள். ஆனால் நான் களத்துக்குப் போன நாளிலிருந்து என்னோடு நேராகப் பேச்சில்லை, இன்னும் எல்லாம் அப்பா வழியாகத்தான்.

தை 3, சனி

போட்டி முதல் நாள். ஒலிபெருக்கி, கரும்புச் சக்கை, மூன்று வகை ஐஸ் வண்டி. இரண்டு ஆட்டம், இரண்டும் ஜெயம். என் பிடி? ஒன்றுகூட இல்லை. நானே அழுத்தினேன், போகவில்லை. என் கையை நானே ஏமாற்றுகிறேன். ஓரமாக நின்று கூட்டத்தோடு கூட்டமாக மேலே விழுந்தேன், அவ்வளவே. ஊர் கைதட்டியது. எனக்கு வெட்கம்.

நாளை மாலை இறுதி ஆட்டம். முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரத்து அணி. படகு இழுத்த தோள்கள் ஒவ்வொன்றும். அவர்களில் நெட்டையாக ஒருத்தி, இன்று யார் கைக்கும் சிக்கவில்லை.

தை 4, ஞாயிறு

எழுத்து கோணல். இருந்தாலும் இப்போதே எழுத வேண்டும்.

கடைசி ரைடு, அவர்கள் பாடி வரும் முறை. நாங்கள் ஒரு புள்ளி கீழே. எங்கள் பக்கம் மிச்சம் மூன்று பேர்: நான், செ., வலது ஓரத்தில் ஒருத்தி. மிச்சம் மூன்றே பேர் நின்று பிடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. பிடித்தால் கோப்பை, விட்டால் அவர்களுக்கு. வந்தவள் நெட்டை. கோட்டைத் தாண்டி வந்து சும்மா திரும்பியிருந்தாலே ஜெயித்திருப்பாள். ஆனால் என் முட்டி உறையைப் பார்த்துவிட்டாள். நொண்டியைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று என் பக்கமே வந்தாள், பாடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

கயிற்றுக்கு வெளியே அம்மா குரல்: "வேணாம்டி, வேணாம்டி!" பத்து நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

நான் அழுத்த வேண்டும். விரல் மடங்கவில்லை. நெட்டையின் கால் உள்ளே வருகிறது. இன்றும் போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது செ. அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. எலும்பு நொறுங்குகிற மாதிரி.

போய்விட்டேன். யோசிக்கவில்லை. இடது காலை ஊன்றி, அதே காலை, பாய்ந்தேன். கணுக்கால் கையில். அவள் இழுத்தாள், கடல்காரி, என்ன பலம்! விடவில்லை. அடுத்த நொடி செ. வந்து விழுந்தாள். அதே மாதிரி. அதே முட்டி மேல். முழு உடம்போடு.

களம் அப்படியே அடங்கியது. ஒலிபெருக்கிக்காரன்கூட நிறுத்திவிட்டான். நானும் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

விசில்.

"எந்திரிடி எருமை, கனம் தாங்கல" என்றேன். என் மேல் கிடந்தவள் ஓவென்று அழுதாள். அம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். நடுவர் தடுக்கப் பார்த்தார், வளையல் போட்ட கையால் தள்ளிவிட்டாள். நான் எழுந்தேன். நடந்தேன். குதித்தேன். நடுக்களத்தில் ஒற்றைக்காலில், இடது காலில், குதித்துக் காட்டினேன், ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று. நெட்டை வந்து தோளைத் தட்டினாள்: "ஒறையப் பாத்து ஏமாந்துட்டேன்க்கா." தங்கமான பெண்.

கோப்பை எங்கள் அணிக்கு. ஆளுக்கொரு சில்வர் அண்டா. அம்மாவுக்கு அண்டாதான் கோப்பை, தலையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள், வழியெல்லாம் யாரிடமோ சொல்லிக்கொண்டு: "நான்தான் ஆடச் சொன்னேன்."

பயம் போய்விட்டதா? இல்லை, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே போனேன், அதுதான் பெரிசு. ஜெயித்தேன். ஜெயித்தேன். ஜெயித்தோம்.

தை 5, திங்கள்

பனி. உடம்பெல்லாம் வலி, முட்டியில் மட்டும் இல்லை. அறுப்பு மெஷின் வந்துவிட்டது, அப்பா வயலில்.

பல் துலக்கும்போது பழக்கத்தில் கண்ணை மூடினேன். களம் வந்தது, நெட்டை வந்தாள். வலது கையில் ஒரு கை இருந்தது, வியர்வையோடு. படம் கடைசி வரை ஓடியது. அம்மா: "நொரயோட என்னடி சிரிப்பு?"

வாசலில் தமிழ்ச்செல்வி நிற்கிறாள், கையில் அண்டா. நேற்று அண்டா மாறிப்போய்விட்டதாம், மாற்ற வந்தாளாம். பொய். எல்லா அண்டாவும் ஒன்றுதான்.

முட்டியைப் பார்க்க வந்திருக்கிறாள். காட்டப் போகிறேன்.