பூத்ததை நம்பிச் சொன்ன சொல்

தெல்தோட்டை,
1881 ஆகஸ்டு 16

கர்த்தருக்குள் பிரியமான மகள் தெபோராளுக்கு அப்பா எழுதுவது. தேவ கிருபையால் நானும் உன் அம்மாளும் இங்கே எழுந்து நடமாடுகிறோம், பாளையங்கோட்டையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எங்களைவிட நன்றாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்ளுகிறோம். உன் கடிதம் கண்டித் தபாலில் கிடந்து, மழையில் ஊறி, போன வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. பாதி மை கரைந்துவிட்டாலும் எங்களை ஊரோடு வந்துவிடச் சொன்ன வரி தெளிவாகவே இருந்தது. அம்மாள் அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், அன்றைக்கே துணிகளை மூட்டை கட்டினாள்.

இங்கே கோப்பிப் பயிர் முடிந்துபோயிற்று மகளே. இலைக்கு அடியில் மஞ்சள் பொடியாய்ப் படிகிற அந்த நோய் ஒரு செடியையும் விடவில்லை. கொழும்புக்குப் போன துரை திரும்பவில்லை, தோட்டத்தில் கூலி ஆட்களுக்கு அரிசி போடுவதும் நின்றுவிட்டது. ஆட்களைக் கூட்டிவந்த ராஜலிங்கம் கங்காணி சித்திரையிலேயே தன் ஆட்களோடு மாத்தளை வழியாய், ஊர் திரும்பக் கப்பலேற, மன்னாருக்கு நடந்துவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருப்பது நம் சபையின் பதினொரு குடும்பம்தான். அவர்கள் மிச்சமிருப்பது என்னால், அதை இத்தனை நாள் உனக்கு எழுதாமல் மறைத்தேன். பங்குனியில் மலையெல்லாம் கோப்பி வெள்ளையாய்ப் பூத்தது, அன்றைக்கு எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது. ஜெபவீட்டில் தோத்திர ஆராதனை வைத்து, கர்த்தர் நோயை நீக்கிவிட்டார், இந்த வருஷம் காய்ப்பு நிச்சயம், இது அவருடைய வாக்கு, யாரும் கங்காணியோடு போக வேண்டாம் என்று அடித்துச் சொன்னேன். ஆனியில் இலை கொட்டிப் பிஞ்சு கறுத்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், உபதேசியார் என்கிற மானம் விடவில்லை. அழகமுத்து தன் தம்பி வருந்திக் கூப்பிட்டும் என் சொல்லுக்காக நின்றவன். போன மாதம் அவனுடைய சின்ன மகள் காய்ச்சலில் போய்விட்டாள், கஞ்சி போதாத உடம்பு தாங்கவில்லை. குழியருகே ஜெபித்தவன் நானேதான். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யாமல் எழுந்து நின்று, அது கர்த்தருடைய வாக்கல்ல, பூவைப் பார்த்து நான் சொன்ன சொல் என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். பிறகு பிடியரிசிப் பானை வைத்தோம். உலையில் போடுமுன் வீட்டுக்காரி தினம் ஒரு பிடி எடுத்து வைத்து ஞாயிறன்று கொண்டுவருவாளே, அந்தப் பானைதான். அழகமுத்துவின் மனைவி அங்கம்மா முந்தானையில் முடிந்துவைத்ததை அவிழ்த்தாள். பாதிப் பிடிகூட இராது. வேண்டாம் அம்மா, வீட்டுக்குக் கொண்டுபோ என்று கையைத் தடுத்தேன். அவள், பூத்ததுக்காகவா ஐயா போட்டேன், பூக்குறதுக்கு முன்னேயும் போட்டேன்ல, நீங்க சொன்னதுக்கு நீங்க சாமிகிட்ட சொல்லிக்கிடுங்க, இது நான் அவருக்கு வைக்கிறது என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனாள். வாசலில் திரும்பி, நீங்களும் போயிருவீகளா என்று கேட்டாள். அன்றைக்கு அந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சிப் பதினொரு வீட்டாரும் குடித்தோம்.

அதனால்தான் நீ கேட்டபடி புறப்படும் நாளை எழுத முடியவில்லை. கீழ்த் தோட்டத்தில் தேயிலை நட ஆள் எடுப்பார்கள் என்கிறார்கள், நிச்சயமில்லை. எடுத்தால் எல்லாரோடும் அங்கே போவோம், இல்லாவிட்டால் எல்லாரோடும் மன்னாருக்கு நடப்போம். நம்புங்கள் என்று எத்தனையோ தரம் பிரசங்கித்தேன், இப்போது முழங்காலில் நின்றால் சொல் வருவதில்லை, சும்மா நிற்கிறேன். கர்த்தர் கேட்கிறார் என்று மட்டும் நம்புகிறேன். களைத்துவிட்டேன் மகளே. அம்மாள் நேற்று அழுதுகொண்டே மூட்டையை அவிழ்த்துவிட்டாள், என்னைக் கோபிக்கவில்லை, நீயும் கோபிக்காதே.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குழந்தைக்கு என் முத்தம். நீ மறக்கக்கூடாதது ஒன்று உண்டு: உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வை. வைக்கும்போது அழகமுத்துவின் மகளை நினைத்துக்கொள். அவள் பெயர் ரூத், ஐந்து வயது.

உன் தகப்பன்,
வேதமுத்து