பஸ் என்று சொன்னவன் தம்பி

நேற்று அடித்த சாரலில், சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் என் சைக்கிளின் மட்கார்டுக்குள் காய்ந்து கிடந்த மண் நனைந்து மணக்க ஆரம்பித்தது. திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் நீயும் நானும் அப்பிக்கொண்டு வந்த களிமண். ஒன்றரை வருடமாக அதைக் கழுவவில்லை. "சித்தப்பா, இத எடைக்குப் போட்டுடலாமா? பாதி துருவாயிடுச்சி," என்றாள் அண்ணன் மகள். முன்பென்றால், பட்டத்து யானையை எவனாவது எடைக்குப் போடுவானா என்று கேட்டிருப்பேன். நேற்று ஒரு சாக்கை எடுத்து அதன் மேல் போர்த்தினேன்.

திருப்பதி வரை போய்த் திரும்பும் ஆறு நாள் பயணம் அது. ஐம்பத்தாறு வயதில் இரண்டு பேர், இரண்டு பழைய சைக்கிள், ஒரு பம்பு. விழுப்புரத்தில் நம்மை வழியனுப்ப மாவட்டமே திரண்டு வந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். வந்தது உன் மனைவியும் ஒரு நாயும். அவர்கள் முன்னிலையில்தான் சட்டத்தை இயற்றினேன்.

"எவன் மொதல்ல பஸ்ஸுன்னு வாயத் தொறக்கறானோ அவன் தம்பி. சாவற வரைக்கும் இன்னொருத்தன அண்ணேன்னுதான் கூப்புடணும்."

நீ என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அதனாலேயே அந்தச் சட்டம் எனக்கு அவ்வளவு இனித்தது. நீயும் மீசையைத் தடவிக்கொண்டு, "உன் பாட்டன் எழுந்து வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்டா," என்றாய். ஐந்து நாள் இருவரும் வாயைக் காத்தோம்.

ஆறாம் நாள், திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்தது. அந்த மழையில் மாவட்டமே மிதந்து போய்க் கடலில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பி வந்தது என்று பிறகு நான் கதை கட்டியதுண்டு. லாரிகள் நம் மேல் தண்ணீரை வாரி அடிக்க, ஏரிக்கரை வழியாகக் குறுக்கே போகலாம் என்று அறிவித்தவன் நான்தான். "ரெண்டே கிலோமீட்டர். கண்ண மூடிக்கினு போவலாம்." அந்த வழியை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

பத்தடிக்கு ஒருமுறை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. வேலிக்குச்சியால் நோண்டி எடுப்போம், பத்தடி போவோம், மறுபடி நோண்டுவோம். தூரத்தில் நெடுஞ்சாலையில் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன.

"அதோ போவுது பாரு, அதுல ஏறிட்டா ஒரு மணி நேரத்துல வூடு," என்றாய்.

"எதுல?"

"அதான்டா. நீளமா போவுதே."

"நீளமா ரயிலு கூடத்தான் போவுது. பேரச் சொல்லு."

"பேஜார் பண்ணாதடா. எனக்கு ஒரு மாதிரியா கீது."

"பேர மட்டும் சொல்லு. நானே ஓடிப்போயி கை காட்டி நிறுத்தறேன்."

நீ சொல்லவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டாய். "கேஸு. காத்தால தின்ன மல்லாட்டை," என்று வேர்க்கடலை மேல் பழியைப் போட்டாய். உன் மழைக்கோட்டின் தொப்பியைச் சரிசெய்ய நான் கை வைத்தேன். உள்ளே நெற்றி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை புக முடியாத இடம் அது. அந்த ஈரம் என் விரலில் பட்டது. பட்டும், "தோக்கற பயத்துல மகாராஜாவுக்கு வேர்த்துடுச்சா?" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு எழுந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாய். என் இரண்டு கிலோமீட்டர் ஆறு கிலோமீட்டராக நீண்டது.

பதினோரு நாள் கழித்து, காலையில் உன் போன்.

"அண்ணே," என்றாய்.

நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மாடியிலிருந்த காக்கைகள் பறந்தன. இதில் மிகை இல்லை, உண்மையாகவே பறந்தன. "ஒரு வழியா தோத்தியா?" என்றேன். "கொஞ்சம் வண்டி புடிச்சிக்கினு வர்றியா," என்றாய், மெதுவாக. "வர்றேன்டா தம்பி, மரியாதையோட வர்றேன்," என்று வைத்துவிட்டேன்.

குளித்தேன். சலவை வேட்டி கட்டினேன். கடைத்தெருவில் இறங்கி ரோஜா மாலை வாங்கினேன். "யாருக்குங்க?" என்று பூக்காரம்மா கேட்டாள். "தோத்துப்போனவனுக்கு," என்றேன். அதைக் கட்டி முடிக்கும்வரை நின்று, இன்னும் இரண்டு சரம் சேர்க்கச் சொன்னேன்.

உன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. காய்கறிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உன் மனைவி உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தார்கூட இன்னும் வரவில்லை. என் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள யாருண்ணா சொன்னது உங்களுக்கு?"

மாவட்டத்திலேயே பெரிய புளுகன் என்று பேர் எடுத்தவன் நான். அன்று ஒரு பொய்கூட வரவில்லை. அவளே மாலையை வாங்கி உனக்குப் போட்டாள்.

கருமாதி முடிந்து சொன்னாள்: "அந்த மழையில வந்ததுலேர்ந்தே நெஞ்ச தேச்சிக்கினுதான் இருந்தாருண்ணா. உங்களுக்கு போன் பண்றேன்னா, வாணாம், அவன் தம்பிம்பான்னாரு."

இப்போது திண்டிவனத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். அந்த ஏரிக்கரை ஜன்னலில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த போன் பேச்சைத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். வண்டி என்றாய். பஸ் என்று கடைசிவரை நீ சொல்லவே இல்லை. என் சட்டப்படி நீ தோற்கவில்லை. ஆட்டமே உன் நினைவில் இருந்திருக்காது. பயந்துபோன மனிதன் எப்படிக் கூப்பிடுவானோ அப்படிக் கூப்பிட்டாய். நான் பூ வாங்கிக்கொண்டிருந்தேன்.

மட்கார்டு மண்ணைக் கழுவப்போவதில்லை. நீ கொடுத்த 'அண்ணே' என்ற அந்த ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு உரியதல்ல. மூன்று மாதம் மூத்தவன் நீ.