வலது காலை முன்வைத்து நின்றவனுக்கு

உன் ஜெட் ஸ்கீக்கான புதிய ஹல், அதன் உடற்கூடு, அச்சிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. ஆதாரம்: அதைச் செய்பவர் இன்று, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எனக்கு அனுப்பிய மின்னஞ்சலும் அதோடு வந்த ஒரு படமும். கறுப்பு ஹல், இரண்டு மரக்கட்டைகளின் மேல். மூக்கு நீ கேட்டபடியே மேல்நோக்கி வளைந்திருக்கிறது. பின்பக்கம், ஓட்டுபவர் நிற்கும் குழியில், பாதங்களைச் செருகிக்கொள்ளும் கால்பிடிகள் இரண்டும் இன்னும் ஒட்டப்படவில்லை. ஓரத்தில் தனியாகக் கிடக்கின்றன.

பழக்கதோஷத்தில் படத்தை இரண்டு பிரதி எடுத்தேன். போனில் பார்த்தால் உனக்குக் கண் தெரியாது என்பதால் எப்போதும் எடுப்பதுதான். இரண்டாவது பிரதி பிரிண்டரின் தட்டிலேயே இருக்கிறது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் கடலோர ஜெட் ஸ்கீ பட்டறையில் வேலை பார்த்துவிட்டு நீ ஊருக்கு வந்தபோது, மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவருவதைப் போல, நீ ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தாய். சுற்றுலாக்காரர்களைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிற வகை ஜெட் ஸ்கீ இல்லை உள்ளே இருந்தது. ஒரே ஆள், நின்றபடி ஓட்டுவது. எடமலைப்பட்டி புதூரில் உன் பட்டறை வாசலில் பெட்டியை உடைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“காவிரியில பாதி வருஷம் மணல்தான்டா இருக்கு. இத எங்க ஓட்டுவ?”

“நீ நடக்காத மீட்டிங்கையே அரைப் பக்கம் எழுதுற. நான் இல்லாத தண்ணியில ஓட்டமாட்டேனா?”

கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து என் பத்திரிகைத் தொழிலுக்கு நீ கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டை தாண்டிக் கடலுக்குப் போனோம். அனுமதி வாங்குவது என் வேலை, வண்டியை இறக்குவது உன் வேலை. அந்தக் கடலில் அலை குறைவு, ஆழமும் குறைவு. நீ நேராக ஓட்டுவதற்காகப் போகவில்லை. வண்டியோடு பின்பக்கமாக ஒரு முழுக் குட்டிக்கரணம் அடித்து, நின்ற நிலையிலேயே தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்காகப் போனாய். நான் கரையிலிருந்து எண்ணியவரை ஒருமுறைகூட முடியவில்லை. மூக்கு எழும், பாதியில் நிற்கும், பிறகு மொத்தமும் உன்னோடு சாய்ந்து விழும். எழுந்து வந்து உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொல்வாய்: “ஆனையக் குட்டிக்கரணம் போடச் சொல்ற மாதிரி இருக்கு மாப்ள.”

குறை எஞ்சினில் இல்லை, ஹல்லில் என்று நீ விளக்கினாய். கம்பெனி கொடுத்த உடற்கூடு நீளம், கனம். நேராக வேகமாகப் போவதற்காகச் செய்யப்பட்டது. வித்தை காட்டுகிறவர்கள் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியில் தனியாகச் செய்கிற குட்டையான, லேசான ஹல்லை வாங்கி அதற்குள் மாற்றிவிடுவார்கள். அப்படிச் செய்கிற மூன்று பேரின் படங்களை ஸ்ரீரங்கத்தில் என் சாப்பாட்டு மேசையில் பரப்பினாய். ஒன்று எல்லாவற்றிலும் குட்டை, முழுக்கக் கார்பன் இழை. இன்னொன்றும் கார்பன்தான், ஒரு கை நீளம் கூட. மூன்றாவது கண்ணாடி இழை. கனம் சற்று அதிகம், ஆனால் அடி தாங்கும்.

“நீயே கேட்டுச் சொல்லு. கேள்வி கேக்குறதுதானே உன் பொழப்பு.”

ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் விசாரிக்கச் சொன்னதில்லை.

முப்பத்தைந்து வருடம் செய்ததைப் போலவே செய்தேன். விற்பவர் சொல்வதை ஓட்டுகிற ஒருவரிடம் கேட்பது, அவர் சொல்வதை அவருக்குத் தெரியாத இன்னொருவரிடம் கேட்பது. இரண்டும் ஒத்துப்போகாமல் எதையும் எழுதிக்கொள்வதில்லை. முதல் வாரத்திலேயே பலன் கிடைத்தது. குட்டை ஹல்லின் எடை என்று போட்டிருந்தது மேல்மூடியையும் கால்பிடிகளையும் சேர்க்காத எடை. சேர்த்தால் நடு நீள ஹல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை உனக்குப் படித்துக் காட்டியபோது மேசையைத் தட்டினாய். “இதுக்குத்தான்டா உன்ன வச்சிருக்கேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். குட்டை ஹல் எளிதில் சுழலும், ஆனால் உன் உடம்புக்கு அது பின்பக்கம் அமிழ்ந்துபோகும் என்று ஒருவர் எழுதினார். உன் எடையில் இருக்கிற, அதையே ஓட்டுகிற இன்னொருவர் அதை உறுதிசெய்ய வேண்டும் என்றேன். ஒருவர் கிடைத்தார். அவர் பதில் எழுதவில்லை. மறுபடி எழுதினேன். மூன்று மாதம் போனது.

ஒருநாள் காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டி, வியர்வையோடு வந்து நாற்காலியில் விழுந்தாய்.

“அந்தாளு பதில் போட்டானா?”

“இன்னும் இல்ல.”

“மாப்ள, போதும்டா. இத வச்சு கோர்ட்ல கேஸா போடப் போறோம்? நடுவுல இருக்குறதச் சொல்லிடுவோம்.”

“ஒரே ஒருத்தர் பதில்தான் பாக்கி.”

“எனக்கு அம்பத்தெட்டுடா. முட்டி இருக்கும்போதே ஒண்ணு போட்டுடணும்.”

நான் காத்திருந்தேன். அதனால் நீயும் காத்திருந்தாய். அந்த மனிதரின் பதில் கடைசியில் வந்தது. முதலாமவர் சொன்னதையே சொன்னார். நீ முதல் நாளே விரல் வைத்த நடு நீள ஹல்லுக்கே ஆர்டர் கொடுத்தோம். காவிரியில் தண்ணீர் வந்த வாரம் அது. அதற்குள் செய்பவரிடம் நமக்கு முன்னால் ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள்.

ஆர்டர் கொடுத்த ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை, உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. கடலில் இல்லை, வண்டியில் இல்லை. மாடிப்படியில். செய்தி எனக்கு ஏழு நாற்பதுக்கு வந்தது. அதையும் இன்னொருவருக்குப் போன் செய்து உறுதிசெய்துகொண்டேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். மூன்று பிடி மண் போட்டேன். மண் ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டேன். எதுவும் தோன்றவில்லை. இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் குழாயைத் திறந்து வைத்திருப்பதைப் போல.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு உன் மகள் நஸ்ரின் வந்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்.

“அங்கிள், ஆர்டர ரத்து பண்ணிடலாமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“நீ என்னம்மா சொல்ற?”

“ரத்து பண்ணா அது யாருக்குப் போகும்?”

“வரிசையில அடுத்து நிக்கிறவருக்கு.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அப்ப வேணாம்.”

போன வாரம் செய்பவர் நினைவூட்டல் அனுப்பினார். கால்பிடிகளை எந்த இடத்தில் ஒட்டுவது? எந்தக் கால் முன்னால், இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தேன், பதில் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கேட்டிருக்கிறார். கடைசிப் பத்தியில், தெளிவாக. அந்தப் பக்கம் முழுக்க என் சிவப்புக் கோடுகள்: எடை, நீளம், கார்பனின் அடுக்குகள். அவர் சொன்ன ஒவ்வொன்றின் மேலும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அவர் நம்மைக் கேட்ட ஒரே கேள்வியின் மேல் எந்தக் குறியும் இல்லை. பதில் சொல்ல வேண்டிய நீ அப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து சம்சா தின்றுகொண்டிருந்தாய். தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் உன்னை நிற்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்தோம், நானும் நஸ்ரினும். உன் பழைய வண்டியின் நிற்கும் குழியில் ரப்பர் விரிப்பு இரண்டு இடத்தில் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. முன்னால் வலது பாதம், பின்னால் இடது. செய்தித்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒரே அளவு.

“இதுல நீ நில்லும்மா,” என்றேன்.

கடைசி ஒரு வருடம் நீ அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய் என்பது எனக்குத் தெரியும். எப்படி நிற்பாள் என்று கவனித்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இடது காலை முன்னால் வைத்தாள்.

“இதுக்குத்தான் அத்தா திட்டுவாங்க. தப்புக் கால்ல நிக்கிறேன்னு.”

“தப்பில்லம்மா. ரெண்டு விதமாவும் நிப்பாங்க. விசாரிச்சுட்டேன்.”

“எத்தன பேர்கிட்ட அங்கிள்?”

“ஆறு பேர்.”

சிரித்துவிட்டாள். உன் வீட்டார் யாரும் சிரித்துக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

இன்னொரு தாளை விரித்து அவள் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“அத்தா அளவுல ஒட்டுனா நான் ஓட்ட முடியாதா?”

“நேரா ஓட்டலாம். கரணம் அடிக்க முடியாது. கால் பிடிக்காது.”

“என் அளவுல ஒட்டுனா அதுல அத்தாவோடது எதுவுமே இருக்காதே.”

“எஞ்சின் உங்க அத்தாவோடது.”

வண்டியிலிருந்து இறங்காமல், காலை மாற்றி, உன் தேய்மானத்தின் மேல் வலது பாதத்தை வைத்துப் பார்த்தாள். தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி இடது காலுக்கு மாறினாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன் அங்கிள்.”

அதுவரை பொறுக்கும்படி செய்பவருக்கு எழுதினேன். வெள்ளி மாலை வரை காத்திருப்பதாக இன்றைய மின்னஞ்சலிலேயே சொல்லியிருக்கிறார். ஒட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கார்பனை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு தாளும் என் மேசையில் இருக்கின்றன. நீ இருந்தவரை என்னிடம் இல்லாத உன் கால் அளவு இப்போது மனப்பாடமாக இருக்கிறது. பாலத்தில் பஸ்ஸுக்குள் நிற்கும்போது என் கால்கள் தாமாக அந்த இடைவெளிக்குப் போகின்றன, வலது முன்னால். நான் அதைத் திருத்துவதில்லை.

இன்னும் உறுதியாகாதது ஒன்றுதான்: எந்தத் தாள் போகும் என்பது. சொல்ல வேண்டியவள் நஸ்ரின். பதில் வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது. அவள் சொன்னதும் அனுப்பிவிடுவேன். வேறு யாரையும் கேட்க மாட்டேன்.